அறுபது வயதில் வாங்கிய காப்புறுதி: கொட்டகலைக் குடும்பமொன்றின் ஆறு வருடக் கணக்கு

2025 மார்ச் மாதம் மாமா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். மேசையில் காப்புறுதிக் கம்பனியின் கடிதம் இருந்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து அந்த வருடத்துப் பிரீமியம் 194,000 ரூபாய். பக்கத்திலேயே வங்கியின் நிலையான வைப்புச் சான்றிதழ். வைப்பில் இருப்பது 21 இலட்சம், வருடத்துக்கு வரும் வட்டி ஏறத்தாழ 168,000.

"தம்பி, நீ கணக்குப் பார்க்கிறவன். இதைக் கட்டவா, விடவா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நான் அட்டனில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்பவன். காப்புறுதி முகவரும் இல்லை, வைத்தியரும் இல்லை. ஆனால் அத்தை 2019 முதல் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். மருந்துச் செலவுக்குத் தனியாக ஒரு கொப்பியும் வைத்திருந்தார். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு கிழமை உட்கார்ந்து பார்த்தேன். அதில் தெரிந்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெறும் நேரத்தில் இதே கேள்வியோடு நிற்கும் குடும்பங்கள் மலையகத்தில் நிறைய இருக்கின்றன.

ஓய்வு வந்தபோது கையில் இருந்தது

மாமா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் காரியாலயத்தில் 34 வருடம் கிளாக்கராக இருந்தவர். 2018 டிசம்பரில் 60 வயதில் ஓய்வு பெற்றார். தோட்ட உத்தியோகத்தருக்கு ஓய்வென்றால் வேலை மட்டும் போவதில்லை, குவாட்டர்ஸும் போய்விடும். வாழ்நாள் முழுவதும் தோட்டத்து வீட்டில் இருந்துவிட்டு 60 வயதில்தான் முதல் சொந்த வீட்டைத் தேட வேண்டும்.

ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி), சேவைக்காலப் பணம் மூன்றும் சேர்ந்து 46 இலட்சம் வந்தது. சேவைக்காலப் பணம் எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மாதச் சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம். மாமாவின் கடைசிச் சம்பளம் 60,000. அதில் பாதியை 34ஆல் பெருக்கினால் 10 இலட்சத்து 20,000. கொட்டகலையில் வீடு வாங்க 22 இலட்சம் போயிற்று. மீதி 24 இலட்சத்தை வங்கியில் போட்டார். அப்போது 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் வைப்புக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரை 15 வீத விசேட வட்டி இருந்தது. அது 2022இல் நிறுத்தப்படும் என்று 2019இல் யார் கண்டது?

தோட்டத்தில் இருந்தவரை கம்பனியின் குழுக் காப்புறுதி மாமாவுக்கு இருந்தது. வேலை முடிந்த நாளோடு அதுவும் முடிந்தது. காப்புறுதி அதிகம் தேவைப்படும் வயது தொடங்கும்போதுதான் அது கையை விட்டுப் போகிறது. தனியார் துறையில் ஓய்வு பெறும் பலருக்கும் இதுதான் நிலை.

வீடு மாறி ஒரு மாதத்தில், பழைய கணக்கப்பிள்ளை ஒருவரின் மகன் காப்புறுதி முகவராக வந்தான். நல்ல பையன், மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன். இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 5 இலட்சம் வரையான வைத்தியசாலைச் செலவுக்குக் காப்பு, பிரீமியம் 62,000. விண்ணப்பப் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. மாமாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் தெரிந்த பையன்தானே என்று அவனையே நிரப்ப விட்டார். பிரஷர் இருக்கிறதா என்ற இடம் வந்தபோது அவன் சொன்னது அத்தைக்கு இன்றும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "ஐயா, இந்த வயசில பிரஷர் எல்லாருக்கும் இருக்கிறதுதானே. அதைப் போட்டா தேவையில்லாம டெஸ்ட் எல்லாம் கேட்பாங்க."

"இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி விழுந்தது. மாமா கையெழுத்துப் போட்டார். 2014 முதல் அவர் பிரஷருக்குக் குளிசை குடிக்கிறார். தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த அரச ஆஸ்பத்திரியின் கிளினிக் புத்தகத்தில் ஐந்து வருடப் பதிவு இருந்தது.

கட்டியதும் கிடைத்ததும்

பிரீமியம் ஏறிய விதத்தை அப்படியே தருகிறேன். 2019இல் 62,000. அடுத்த வருடம் 66,000. 2021இல் 71,000. 2022இல் 84,000. 2023இல் ஒரேயடியாக 128,000. 2024இல் 161,000. ஆறு வருடத்தில் மொத்தம் 572,000 ரூபாய்.

இந்த ஏற்றத்துக்கு இரண்டு காரணம். ஒன்று வயது. பிரீமியம் வயதுப் படி வைத்துத்தான் போடப்படுகிறது, படி ஏறினால் தொகையும் ஏறும். இன்னொன்று 2022. அந்த வருடம் மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். மருந்து, ஸ்டென்ட் (அடைபட்ட இருதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்), ஸ்கேன் மெஷினின் உதிரிப்பாகம் என்று ஆஸ்பத்திரிக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. தனியார் ஆஸ்பத்திரிப் பில் கூடியது, பிரீமியமும் கூடியது. ஆனால் மாமாவின் காப்புத் தொகை மட்டும் அதே 5 இலட்சத்தில் நின்றது. 2019இல் 5 இலட்சத்துக்கு என்ன சிகிச்சை செய்யலாம், 2024இல் அதே காசுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தால், மாமா வருடா வருடம் கூடுதலாகக் காசு கொடுத்துக் குறைவான பாதுகாப்பை வாங்கிக்கொண்டிருந்தார் என்பது விளங்கும். பிரீமியம் ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். காப்பு சுருங்கியதை நான் உட்பட ஒருவரும் பார்க்கவில்லை.

சரி, கிடைத்தது என்ன?

2019 கடைசியில் அத்தைக்கு வலது கண்ணில் வெள்ளை படர்ந்தது. கம்பனியைக் கேட்டபோது கண் வெள்ளைக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம், அதுவரை காசு தர மாட்டோம் என்றார்கள். பித்தப்பைக் கல், ஹெர்னியா, மூலம் போன்றவற்றுக்கும் இப்படிக் காத்திருப்புக் காலம் வைப்பது வழக்கம். அத்தை அரச ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் நான்கு மாதம் பொறுத்திருந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டார்.

2021 நவம்பரில் மாமாவுக்குப் பித்தப்பைக் கல். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. பில் 265,000, கம்பனி கொடுத்தது 192,000. அறை வாடகைக்கு ஒரு நாள் எல்லை இருந்தது, கையுறை, ஊசிக் குழாய் போன்றவற்றைக் கழித்தார்கள். மீதி 73,000 எங்கள் கையிலிருந்து. இருந்தாலும் அந்தத் தடவை காப்புறுதி உண்மையிலேயே உதவியது. வலியோடு மாதக்கணக்கில் காத்திருக்காமல் ஒரு கிழமைக்குள் காரியம் முடிந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்காது.

2022 ஜூலையில் அத்தைக்குச் சிறுநீர்த் தொற்று, கடும் காய்ச்சல். நாட்டில் எரிபொருள் இல்லாத மாதம் அது. கண்டிக்குப் போக வான் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது, கடைசியில் 25,000 கேட்ட ஒருவரைப் பிடித்தோம். இரண்டு இரவு வார்டில் இருந்தார். பில் 51,000, கம்பனி 38,000 கொடுத்தது. மீதி 13,000ஐயும் வான் காசையும் கூட்டிப் பாருங்கள். கம்பனி தந்ததும் 38,000, எங்கள் கையிலிருந்து போனதும் 38,000.

மலைநாட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்தில் தனியாரிடம் இருப்பவை பெரும்பாலும் சனலிங் சென்டரும் (காசு கட்டி வைத்தியரைப் பார்க்கும் இடம்) ஆய்வுகூடமும்தான். பெரிய சிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரி என்றால் கண்டி, இல்லாவிட்டால் கொழும்பு. கொழும்பில் இருக்கிற ஒருவரும் கொட்டகலையில் இருக்கிற ஒருவரும் ஒரே பிரீமியத்தைக் கட்டுகிறார்கள். ஆனால் அந்தக் காப்புறுதியைப் பயன்படுத்துவதற்கே நாங்கள் முதலில் 70 கிலோமீற்றர் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். வான் காசு, கூடப் போகிறவரின் சாப்பாடு, தங்குமிடம் எதுவும் பொலிசியில் இல்லை.

2023 ஜூலை

இரவு பதினொன்றரைக்கு மாமாவுக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்தது, வேர்த்துக் கொட்டியது. அத்தை முதலில் வாயுத் தொல்லை என்று இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு ரீச்சர்தான் 1990க்கு அடித்தார். சுவசெரிய அம்பியூலன்ஸ் வந்தது, காசு ஒன்றும் இல்லை. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை பிறகுதான் நாடு முழுவதும் வந்தது. அது எங்கள் பக்கம் வந்திருக்காவிட்டால் அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்கு விருப்பமில்லை.

பக்கத்து அரச வைத்தியசாலையில் ஈ.சி.ஜி எடுத்த உடனேயே மாரடைப்பு என்று சொல்லி, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். விலை கூடிய ஊசி அது. மருந்துத் தட்டுப்பாட்டிலிருந்து நாடு அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. இலவசமாகவே போட்டார்கள். மறுநாள் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். மாமாவின் உயிரைக் காப்பாற்றியது அந்த முதல் மூன்று மணித்தியாலம். அந்த நேரத்தில் காப்புறுதி அட்டை அலுமாரியில் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்டித் தனியார் ஆஸ்பத்திரிக்கு வானில் போயிருந்தால் வழியிலேயே நேரம் கழிந்திருக்கும்.

காப்புறுதி வேலை செய்ய வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான் வந்தது. இருதயக் குழாய்களைப் பார்க்க ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கழித்துத் திகதி தந்தார்கள். தனியாரில் கேட்டோம். ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் சேர்த்து ஒன்பதரை இலட்சம் அளவில் வரும் என்றார்கள். பொலிசியில் 5 இலட்சம் இருக்கிறது, மீதியை எப்படியாவது புரட்டலாம் என்று கம்பனிக்கு அறிவித்தோம். அவர்கள் பழைய கிளினிக் புத்தகத்தின் பிரதியைக் கேட்டார்கள். மூன்று கிழமையில் ஒரு கடிதம் வந்தது. விண்ணப்பிக்கும்போதே இருந்த உயர் இரத்த அழுத்தம் அறிவிக்கப்படவில்லை, ஆகையால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இரண்டே வரி.

அரச ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய் தரும் ஒரு பிரிவு அந்தப் பொலிசியில் இருந்தது. அப்போதுதான் அதை நாங்கள் முதல்முறையாக வாசித்தோம். ஒன்பது நாளுக்கு 18,000 வந்திருக்க வேண்டும். நிராகரிப்போடு அதுவும் போயிற்று.

மாமா கோபப்படவில்லை. "கையெழுத்து என்னுடையதுதானே" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கம்பனியின் முறைப்பாட்டுப் பகுதிக்கு எழுதலாம், அங்கே தீராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் அறிவிக்கலாம் என்று விசாரித்து வைத்தேன். நியாயம் உள்ளவர்கள் கட்டாயம் அந்த வழிகளைப் பயன்படுத்த வேண்டும், பலர் அவை இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். எங்கள் விஷயத்தில் படிவமும் கையெழுத்தும் எங்களுக்கு எதிராகவே இருந்தன. மாமா போக வேண்டாம் என்றார்.

கடைசியில் நடந்தது இதுதான். ஆஞ்சியோகிராமை மட்டும் தனியாரில் 120,000 கட்டிச் செய்தோம். இரண்டு அடைப்பு இருந்தது. அந்த அறிக்கையோடு அரச ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். அவசரத்தை அறிக்கையில் பார்த்து மூன்று கிழமையில் இடம் தந்தார்கள், ஸ்டென்ட் இலவசம். வான், கண்டியில் தங்கியது, வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனை, முதல் மூன்று மாத மருந்து எல்லாமாக இன்னொரு 105,000. வைப்பில் 3 இலட்சத்தை உடைத்துத்தான் இதைச் சமாளித்தோம். செலவு போக மிஞ்சிய 75,000 எங்கே போனது என்று கொப்பியில் தேடினேன். 2024 மார்ச் பிரீமியத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் புதுப்பித்தல் கடிதத்தில் "இருதய நோய் நீங்கலாக" என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது.

கணக்கை எப்படிப் பார்ப்பது

கட்டியது 572,000, கிடைத்தது 230,000. வித்தியாசம் 342,000. இதைப் பார்த்தவுடன் நட்டம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குத் தீக் காப்புறுதி எடுத்து வீடு எரியாமல் இருந்தால் யாரும் நட்டம் என்று அழுவதில்லை. ஆறு வருடம் ஒன்றுமே வராமல் இருந்திருந்தாலும் அந்தக் காசு வீண் என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, பெரிய நாள் வந்தபோது அது கூட நின்றதா என்பதுதான். நிற்கவில்லை.

முகவர் ஒழுங்காக நிரப்பியிருந்தால் நின்றிருக்குமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வேறு இரண்டு கம்பனிகளில் விசாரித்துப் பார்த்தேன். ஐந்து வருடமாகப் பிரஷர் இருக்கும் 60 வயதுக்காரர் உண்மையை எழுதிக் கொடுத்தால் மூன்றில் ஒன்று நடக்கும். விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள், அல்லது பிரீமியத்தைக் கூட்டுவார்கள், அல்லது பிரஷரையும் அதனால் வரக்கூடிய இருதய நோய், பக்கவாதம், சிறுநீரக நோய் ஆகியவற்றையும் நீக்கிவிட்டு மற்றதற்குக் காப்புத் தருவார்கள். மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது என்று அந்த வேலையில் இருப்பவர்களே சொன்னார்கள். ஆகவே மாமா உண்மையை எழுதியிருந்தாலும் 2023 ஜூலையில் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது அநேகமாக அதே பதில்தான். 60 வயதில், நோய் வந்த பிறகு வாங்கும் காப்புறுதி நாம் எதற்குப் பயந்து அதை வாங்குகிறோமோ அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் காக்கிறது. இந்த ஆறு வருடத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு இதுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பண்டாரவளையில் என் நண்பனின் அப்பா 2003இல், 44 வயதில், எந்த நோயும் இல்லாத காலத்தில் பொலிசி எடுத்தவர். ஒரு வருடமும் விடாமல் கட்டினார், இடையிடையே காப்புத் தொகையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சீனி வருத்தம் அவருக்கு 52 வயதில்தான் வந்தது. 2022இல் பைபாஸ் சத்திரசிகிச்சை. பில் 1,150,000, கம்பனி 860,000 கொடுத்தது. அந்தக் குடும்பத்தைக் கேட்டால் காப்புறுதி இல்லாமல் ஓய்வு வாழ்க்கையே இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. காசு கட்டிய வருடங்களை எண்ணினால் அவர்களும் நிறையத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் நோய்க்கு முன்னே போய் நின்றார்கள்.

அத்தையின் கொப்பி

காப்புறுதிப் பேச்சில் யாரும் எடுக்காத பகுதி இது. 2024ஆம் வருடம் இருவரின் உடம்புக்காகச் செலவான காசு: பார்மசியில் மருந்து மாதம் 9,500 வீதம் 114,000. சனலிங்கும் பரிசோதனைகளும் 46,000. கண்டிக்கு நான்கு தடவை வான் 64,000. அத்தையின் சீனி பார்க்கும் பட்டிகள் 18,000. மொத்தம் 242,000. இதில் ஒரு சதத்துக்குக்கூடக் காப்புறுதி இல்லை, ஏனென்றால் அது வார்டில் தங்கினால்தான் வேலை செய்யும். வயதானவர்களின் செலவோ வார்டுக்கு வெளியேதான் மாதா மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் மருந்தும் சில மாதம் இல்லாமல் போகும், அப்போது வெளியில் வாங்க வேண்டும்.

இந்த 242,000க்கு மேலே 161,000 பிரீமியம். வட்டி 168,000. முன்னறையை ஒரு தையல்காரருக்குக் கொடுத்ததில் மாதம் 10,000 வருகிறது, கொழும்பில் வேலை செய்யும் மகன் 25,000 அனுப்புகிறான். இப்படிப் பார்த்தால் பிரீமியம் மட்டுமே வைப்பிலிருந்து வந்த வட்டி முழுவதுக்கும் ஏறக்குறைய சமம். 2024 கடைசியில் இரண்டு மாதம், கொலஸ்ட்ரோல் குளிசையை மாமா ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் குடித்திருக்கிறார். அத்தை அதைக் கொப்பியில் எழுதவில்லை, குளிசை வாங்கிய திகதிகளை வைத்து நானே கண்டுபிடித்தேன். ஸ்டென்ட் போட்ட மனிதர் மருந்தைக் குறைத்துப் பிரீமியம் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு கணக்குத் தேவைப்படவில்லை.

மற்றவர்களுக்கு

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. அரச ஓய்வூதியக்காரர்களுக்கு, அதாவது மலையகத்தில் ஆசிரியர்கள், தபால், புகையிரத ஊழியர்கள் போன்றோருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது, ஓய்வூதியக்காரருக்கும் தனித் திட்டம் உண்டு. தனியார் பொலிசியைப் பற்றி யோசிக்கு முன் தங்களுக்கு அது உரியதா, என்னென்ன கிடைக்கும் என்று அவர்கள் பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பகுதியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோட்டத் தொழிலாளிக்கு? நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாட் சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் 30 வருடம் கொழுந்து பறித்த ஒரு அம்மாவுக்கு அது 567,000. மாமா ஆறு வருடத்தில் கட்டிய பிரீமியம் அதைவிட 5,000 கூட. அவரிடம் போய் யாரும் காப்புறுதி விற்கக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். அவருக்கு வேண்டியது ஒழுங்காக மருந்து கிடைக்கும் கிளினிக், இரவில் லயத்துக்குப் பக்கத்தில் வரக்கூடிய பாதை, பேசும் மொழி விளங்கும் தாதி. இந்திய உதவியில் 150 கட்டிலோடு கட்டி 2017இல் திறந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையும், நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை, கண்டி, பேராதனை அரச ஆஸ்பத்திரிகளும்தான் அவருடைய காப்புறுதி. அவற்றுக்கு டொக்டரும் மருந்தும் கேட்டு நாங்கள் எல்லோரும் சத்தம் போட வேண்டும். 2023 ஜூலை இரவில் மாமாவும் அங்கேதான் போனார்.

பெரிய சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம் என்பதும் எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. இப்போதே எடுங்கள். முதலில் கேட்க வேண்டியது பிரீமியம் எவ்வளவு என்றில்லை, எத்தனை வயது வரை புதுப்பிப்பீர்கள் என்பது. சில பொலிசிகள் 65இல் நின்றுவிடும், சில 70இல். அதற்குப் பிறகு என்ன செய்வது? அடுத்து, ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிய இணைப்பா, தனி வைத்தியக் காப்புறுதியா என்று பாருங்கள். இணைப்பென்றால் ஆயுள் பொலிசி முதிரும் நாளில் அதுவும் போய்விடும். அறை வாடகை எல்லையையும் அரச ஆஸ்பத்திரியில் தங்கினால் நாள் காசு உண்டா என்பதையும் பாருங்கள். மலையகத்தில் இருப்பவர்களுக்கு அந்த நாள் காசு நிறையப் பயன்படும். படிவத்தை உங்கள் கையால் நிரப்புங்கள். பிரஷர், சீனி, பத்து வருடத்துக்கு முன் நடந்த சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் எழுதுங்கள், பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். நான் 49 வயதில் அப்படித்தான் எடுத்தேன், அலுவலகத்துக் குழுக் காப்புறுதி இருக்கும்போதே.

மாமா எடுத்த முடிவு

2025இல் புதுப்பிக்கவில்லை. அத்தைக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. "அட்டை இருந்தா ஒரு தைரியம்தானேப்பா" என்றார். அந்தத் தைரியத்துக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது, அதை நான் லேசாக எடுக்கவில்லை. அதனால்தான் வெறுமனே விடாமல் இன்னொன்று செய்தோம். 21 இலட்சத்தில் 4 இலட்சத்தைப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதிரும் தனி வைப்பில் போட்டோம். மகன் மாதம் 8,000 கூடுதலாக ஒரு சேமிப்புக் கணக்கில் போடுகிறான். இரண்டுக்கும் சேர்த்து அத்தை வைத்த பெயர் மருந்துக் கணக்கு. இது பைபாஸ் செலவைத் தாங்காது. அப்படியொரு நிலை வந்தால் அரச ஆஸ்பத்திரியும், ஜனாதிபதி நிதியமும், கடைசியாக மீதி வைப்பும் என்று நாங்கள் மூன்று பேரும் பேசி எழுதி வைத்திருக்கிறோம். அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் 1990 என்ற இலக்கத்துக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கிறது.

பொறுக்கக்கூடியதை அரச ஆஸ்பத்திரியில் பொறுத்திருந்து செய்வது, பொறுக்க முடியாத பரிசோதனையை மட்டும் காசு கட்டி வெளியில் முடிப்பது, அந்த அறிக்கையோடு மறுபடி அரச ஆஸ்பத்திரிக்குப் போவது. மாமாவின் ஸ்டென்ட் விஷயத்தில் தற்செயலாக நடந்ததை இப்போது திட்டமாகவே வைத்திருக்கிறோம்.

மாமா குளிசையை இப்போது ஒவ்வொரு நாளும் குடிக்கிறார், அத்தை எண்ணி வைக்கிறார். அத்தையின் இடது கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. கண் கிளினிக்கில் மூன்று மாதம் கழித்துத் திகதி கிடைத்திருக்கிறது. போகவர வான் காசு 16,000, மருந்துக் கணக்கிலிருந்து.